மின்மானியின் பிறப்பும் பிணியும்

சட்டைப் பையில் அடங்கிவிடும் ஒரு சிறு கருவியைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். சோப்புப் பெட்டியைக் காட்டிலும் சற்றே பெரியது. நடுவில் ஒரு திருகு, மேலே எண்கள் தோன்றும் ஒரு சிறு சாளரம், அடியில் சிவப்பும் கறுப்புமாக இரண்டு கம்பிகள். அவ்வளவுதான் அதன் தோற்றம். வயர்மேன் கையிலும், வானொலிப் பெட்டி பழுது பார்ப்பவர் மேசையிலும், மோட்டார் வண்டிப் பட்டறையிலும், கல்லூரி ஆய்வுக்கூடத்திலும் இதனை நீங்கள் கண்டிருப்பீர்கள். மல்ட்டிமீட்டர் என்று கடைத்தெருவில் கேட்டால் தருவார்கள். பன்மானி என்று எழுதுவோரும் உண்டு. நான் எளிமை கருதி மின்மானி என்றே சொல்லப் போகிறேன்.

இக்கருவியின் வரலாற்றை நான் நூல்களிலிருந்து தேடத் தொடங்கவில்லை. ஒரு விபத்திலிருந்து தொடங்கினேன். அதனை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1991-ஆம் ஆண்டு, ஐப்பசி மாதத்து அடைமழைக் காலம். அப்பொழுது நான் ஓர் உயர்நிலைப் பள்ளியில் பௌதிக ஆசிரியனாக இருந்தேன். ஆய்வுக்கூடத்து மின்விசிறி ஓடாமல் நின்றுபோயிற்று. பழகிய வயர்மேன் ஒருவர் வந்தார். ஸ்டூலின் மேல் ஏறி, சுவிட்சுப் பலகையைக் கழற்றி, முள் வைத்த மின்மானியின் இரு கம்பிகளையும் உள்ளே வைத்துப் பார்த்தார். முள் அசையவில்லை. “சார், லைனே வரலை, பாருங்க” என்றார். நானும் எட்டிப் பார்த்தேன். முள் பூஜ்யத்தில் நின்றது. “ஆமாம்” என்று தலையசைத்தேன். அடுத்த நொடியில் அவர் குறட்டால் அந்தக் கம்பியைப் பிடித்தார். குறட்டின் உறை ஓரிடத்தில் கிழிந்திருந்தது. மனிதர் தூக்கி எறியப்பட்டவர்போல் ஸ்டூலிலிருந்து கீழே விழுந்தார்.

தெய்வாதீனமாக அவர் பிழைத்துக்கொண்டார். இரண்டு விரல்கள் வெந்துபோயின, தோளிலும் அடி. ஒரு மாத காலம் தொழிலுக்குப் போக முடியவில்லை. அன்றாடம் உழைத்து உண்பவருக்கு ஒரு மாதம் என்பது எத்தனை பெரிது என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை. அவரைக் காட்டிலும் என் மனம்தான் அதிகமாக வெந்தது எனலாம். வருடந்தோறும் மாணவர்களுக்கு மின்னியல் கற்பிக்கின்ற நான், அந்தப் பூஜ்யத்தைப் பார்த்து ஆமாம் போட்டேன் அன்றோ!

மறுநாள் அந்த மின்மானியைக் கேட்டு வாங்கிச் சோதித்தேன். பேட்டரி நன்றாக இருந்தது. ஃபியூஸ் அறுபடவில்லை. முள்ளும் தடையின்றி அசைந்தது. குற்றம் சிவப்புக் கம்பியில் இருந்தது. மேலுறை சிறிதும் பழுதின்றிப் பளபளவென்றிருக்க, செருகியை ஒட்டிய இடத்தில் உள்ளே இருந்த செம்பு இழைகள் மட்டும் அற்றுப் போயிருந்தன. அந்த மின்மானி முந்நூறு வோல்ட்டில் வைத்தாலும் மூவாயிரம் வோல்ட்டில் வைத்தாலும் பூஜ்யத்தையே காட்டும். மின்சாரம் இல்லை என்பதும் பூஜ்யம். நான் பார்க்கவே இல்லை என்பதும் பூஜ்யம். இரண்டையும் ஒரே குறியால் சொல்லுகின்ற கருவியை மனிதன் ஏன் இவ்வளவு நம்பினான்? இந்தக் கேள்விதான் என்னை இருநூறு ஆண்டுகள் பின்னோக்கி இழுத்துச் சென்றது.

மின்சாரத்தைக் கண்ணால் காண முடியாது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அதனை அறியும் வழிகளுள் தவளைக் கால் துடிப்பதைப் பார்ப்பது, தன் நாவில் கம்பியை வைத்துச் சுவைத்துப் பார்ப்பது, அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்வது ஆகியவையும் இருந்தன. 1820-ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டுப் பேராசிரியர் எர்ஸ்டெட், மின்னோட்டம் செல்லும் கம்பியின் அருகே வைத்த காந்த ஊசி விலகுவதைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். அதே ஆண்டில் ஜெர்மனியின் ஹாலே நகரத்து ஷ்வைக்கர், கம்பியை ஒரு சுற்றோடு விடாமல் பல சுற்றுகளாகச் சுற்றி அதன் நடுவில் ஊசியை வைத்தால், சிறு மின்னோட்டமும் ஊசியைப் பெரிதாக விலக்கும் என்று காட்டினார். இன்று நம் கையில் இருக்கும் முள் மீட்டருக்கு இதுவே மூதாதை.

ஆனால் பிறந்த நாளிலேயே இக்கருவிக்கு ஒரு பிணியும் உடன் பிறந்தது. ஊசியை விலக்குவது மின்னோட்டம் மட்டுமன்று. பூமியின் காந்தமும் அதனை இழுத்துக்கொண்டே இருக்கிறது. மேல்நிலை வகுப்பில் டேன்ஜன்ட் கால்வனாமீட்டரைக் கையாண்ட மாணவர்களுக்கு இது தெரியும். கருவியைக் காந்தத் துருவத் தளத்தில் சரியாகத் திருப்பி வைக்காவிட்டால் அளவு பிழைபடும். மேசைக்கடியில் ஓர் இரும்புச் சட்டம் இருந்தாலும் பிழைபடும். சட்டைப் பையில் சாவிக்கொத்தோடு குனிந்து பார்க்கும் மாணவனால் கூடப் பிழைபடும். என் வகுப்பில் ஒரு பையனுக்கு மட்டும் விடை எப்பொழுதும் தவறாக வந்தது. அவன் இடுப்பு வாரின் இரும்புக் கொக்கியே காரணம் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரங்கள் பிடித்தன.

இங்கே ஓம் என்னும் பெருமகனாரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். அவர் என்னைப் போல் ஒரு பள்ளி ஆசிரியர் என்பதும் அதற்கு ஒரு காரணம், மறைப்பானேன்? கியோர்க் சைமன் ஓம் 1789-இல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் ஒரு பூட்டுத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். கொலோன் நகரத்துப் பள்ளியில் கணிதமும் பௌதிகமும் கற்பித்துவந்தார். அந்தப் பள்ளியின் ஆய்வுக்கூடத்திலேயே கம்பியின் நீளத்திற்கும் மின்னோட்டத்திற்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். 1825-இல் அவர் வெளியிட்ட முதற் கட்டுரையில் கண்ட விதி தவறானது. ஆம், ஓம் விதியைத் தந்தவரே முதலில் தவறான விதியைத்தான் தந்தார்!

தவறு எங்கே நேர்ந்தது? அவருடைய கணக்கில் அன்று. அவர் பயன்படுத்திய மின்கலத்தில். அக்காலத்து வோல்ட்டா மின்கலங்கள் நிலையாக நில்லா. இணைத்தவுடன் ஒரு வலிமை, சற்று நேரம் கழித்து வேறொரு வலிமை. அளக்கின்ற ஊசி உண்மையே சொல்லிற்று. ஆனால் அளக்கப்படும் பொருளே நொடிக்கு நொடி மாறிக்கொண்டிருந்தது. பொக்கன்டார்ஃப் என்ற அறிஞர், மின்கலத்தை விட்டு வெப்ப மின்னிணையைப் பயன்படுத்துமாறு அவருக்கு யோசனை கூறினார். பிஸ்மத்தும் செம்பும் சேரும் இரு சந்திகளில் ஒன்றைக் கொதிக்கும் நீரிலும் மற்றொன்றை உருகும் பனிக்கட்டியிலும் வைத்தார் ஓம். கொதிநீரின் வெப்பநிலை மாறாது. பனிக்கட்டியின் வெப்பநிலையும் மாறாது. ஆகவே மின்னியக்கு விசையும் மாறாது. அதன் பின்னரே, 1826-இல், இன்று உங்கள் பாடநூலில் காணும் விதி அவருக்குக் கிட்டியது. 1827-இல் அதனை நூலாக வெளியிட்டார். உடனே பாராட்டு வந்ததா என்றால், இல்லை. கொலோன் வேலையைத் துறந்து பல ஆண்டுகள் தக்க பதவியின்றி அல்லலுற்றார். 1841-இல் இலண்டன் ராயல் சங்கம் காப்ளி பதக்கம் அளித்தது. மியூனிக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி 1852-இல் கிடைத்தது. 1854-இல் அவர் காலமானார். தன் சொந்தக் கட்டுரையில் உள்ள பிழையைத் தானே தேடிக் களைந்த அந்த ஆசிரியரின் பெயரைத்தான் மின்மானியில் குதிரை லாடம் போன்ற அந்தக் கிரேக்க எழுத்தால் குறிக்கிறோம்.

அளவையின் அருமையை வணிக உலகம் உணர்ந்தது கடலுக்கடியில்தான். 1858-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அட்லாண்டிக் மாகடலின் அடியில் அயர்லாந்துக்கும் நியூபவுண்ட்லாந்துக்கும் இடையே தந்திக் கேபிள் போடப்பட்டது. விக்டோரியா அரசியார் அமெரிக்க ஜனாதிபதிக்கு அனுப்பிய 98 சொற்கள் கொண்ட செய்தி போய்ச்சேர 16 மணி நேரம் ஆயிற்று. அத்தனை மங்கலாக வந்துசேர்ந்த குறிப்புகளைக் காண, வில்லியம் தாம்சன், பிற்காலத்துக் கெல்வின் பிரபு, கண்ணாடிக் கால்வனாமீட்டரை அமைத்திருந்தார். ஒரு சிறு காந்தத்தில் ஒட்டிய குறுங்கண்ணாடி. அதில் பட்டுத் திரும்பும் ஒளிப்புள்ளியே அதன் முள். ஒளிக்கு எடையில்லை ஆதலால் மிகச் சிறு மின்னோட்டமும் அதனை நகர்த்திற்று. நிறுவனத்தின் மின்பொறியாளராக இருந்த ஒயிட்ஹவுஸ் என்பவருக்கு இந்த நுண்மையில் நம்பிக்கையில்லை. மங்கலாக வருகிறதென்றால் வலிமையாக அனுப்பு என்பது அவருடைய கொள்கை. ஏறத்தாழ இரண்டாயிரம் வோல்ட் அளவுக்குத் தூண்டு சுருள்களால் மின்சாரத்தைச் செலுத்தினார். கேபிளின் உறை முன்னரே குறையுடையதாக இருந்தது. இந்த அடியையும் அது தாங்கவில்லை. சில வாரங்களுக்குள் கேபிள் ஊமையாகிவிட்டது.

அந்தப் பெருநட்டம் ஒரு நன்மையைச் செய்தது. கேபிளைக் கடலில் இறக்குமுன் அதன் ஒவ்வொரு மைலின் தடையையும் அளக்க வேண்டும், இறக்கும்பொழுதும் அளந்துகொண்டே போக வேண்டும் என்ற வழக்கம் நிலைபெற்றது. பின்னர் கேபிள் எங்கேனும் அறுந்தாலோ உறை பழுதுபட்டாலோ, கரையில் உட்கார்ந்தபடியே தடையை அளந்து, ஒரு மைலின் தடையால் வகுத்து, இத்தனையாவது மைலில் பழுது என்று கப்பலுக்குச் சொல்லும் கலை வளர்ந்தது. ஆழ்கடலில் கிடக்கும் நோயைக் கரையில் நாடி பிடித்துச் சொல்லுவதுபோன்ற வித்தை அது. ஆனால் அதற்கு எல்லோருக்கும் பொதுவான அளவு வேண்டுமே! ஒருவர் ஒரு கம்பியைத் தடையின் அலகு என்பார். மற்றொருவர் வேறொன்றை என்பார். 1861-இல் பிரிட்டிஷ் சங்கம் இதற்கென ஒரு குழுவை அமைத்தது. 1881-இல் பாரிஸ் நகரில் கூடிய சர்வதேச மாநாடு வோல்ட், ஓம், ஆம்பியர் என்னும் அலகுகளை ஏற்றுக்கொண்டது. மூன்று அறிஞர்களின் பெயர்கள், மூன்று நாட்டினர்.

இனி, பூமியின் காந்தத்திலிருந்து விடுதலை பெற்ற கதைக்கு வருவோம். 1882-இல் பிரான்சில் தார்சன்வாலும் டெப்ரேயும் முன்னைய அமைப்பைத் தலைகீழாக்கினர். காந்தத்தை அசையவிட்டுச் சுருளை நிறுத்திவைப்பதற்குப் பதிலாக, வலிய காந்தத்தை நிலையாக வைத்து அதன் கவைக்கிடையே இலேசான சுருளை அசையவிட்டனர். அருகில் இருக்கும் காந்தத்தின் வலிமைக்கு முன் பூமியின் காந்தம் பொருட்படுத்தத்தக்கதன்று. ஆயினும் மெல்லிய இழையில் தொங்கிய அச்சுருளை ஆய்வுக்கூடத்துச் சுவரிலிருந்து வெளியே எடுத்துச் செல்ல முடியாது.

அதனைத் தூக்கிச் செல்லத்தக்கதாக்கியவர் எட்வர்ட் வெஸ்டன். இங்கிலாந்தில் 1850-இல் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். டைனமோ செய்து பொருளீட்டியவர். நம்பத்தக்க அளவைக் கருவி கிடைக்காமல் தம் தொழிலிலேயே துன்புற்றவர். 1888-இல் நியூயார்க் என்னும் நகரில் அன்று, அதற்கு அண்மையிலுள்ள நியூவார்க்கில் கருவித் தொழிற்சாலையைத் தொடங்கினார். கடிகாரத்தில் இருப்பதுபோல் சுருளின் அச்சை மணிக்கற்களின் குழியில் நிறுத்தினார். மயிரிழை வில்களே சுருளை மீட்டு இழுக்கவும், மின்னோட்டத்தை உள்ளே கொண்டு செல்லவும் பயன்பட்டன. காந்தங்களை முன்கூட்டியே பழமைப்படுத்தினார், பின்னர் வலிமை குன்றாதபடி. வெயிலிலும் குளிரிலும் செம்பின் தடை மாறும் என்ற குறையைத் தீர்க்க, வெப்பநிலை மாறினாலும் தடை ஏறத்தாழ மாறாத உலோகக் கலவைகளை அமைத்தார். மாங்கனின் என்பது அவற்றுள் ஒன்று. ஒவ்வோர் அமைப்பும் ஒரு பிழைக்கு மருந்து என்பதைக் கவனியுங்கள். கருவியின் உட்புறத்தைத் திறந்து பார்ப்பவன் உண்மையில் பழைய பிழைகளின் பட்டியலைத்தான் பார்க்கிறான்.

ஆம்பியருக்கு ஒன்று, வோல்ட்டுக்கு ஒன்று, ஓமுக்கு ஒன்று என மூன்று பெட்டிகளைச் சுமந்து திரிய வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் தபால் தந்தித் துறையில் பொறியாளராக இருந்த டொனால்ட் மகேடி என்பவருக்கு இந்தச் சுமை அலுத்துப்போயிற்று. ஒரே முள், ஒரே சுருள். உள்ளே பல தடைகள். வேண்டிய தடையை ஒரு திருகால் இணைத்துக்கொண்டால் மூன்று வேலைகளையும் ஒரே பெட்டி செய்யும் என்று கண்டார். 1923-இல் அது விற்பனைக்கு வந்தது. ஆம்பியர், வோல்ட், ஓம் ஆகிய மூன்றின் முதலெழுத்துகளைச் சேர்த்து அவோமீட்டர் என்று பெயரிட்டனர். முதலில் அது நேர்மின்னோட்டத்தை மட்டுமே அளந்தது. பின்னர் திருத்திகள் சேர்க்கப்பட்டு மாறுமின்னோட்டத்தையும் அளந்தது. அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாய்ந்தால் தானே துண்டித்துக்கொள்ளும் பொறியும் வந்தது. 1951-இல் வெளிவந்த எட்டாம் மாதிரி சிறு சிறு மாற்றங்களுடன் 2008 வரை உற்பத்தியாயிற்று. ஐம்பத்தேழு ஆண்டுகள்! ஒரு தலைமுறை அதனைக் கற்றுக்கொடுத்து, மறு தலைமுறையும் அதனையே கற்றது.

இங்கே மின்மானியின் மிக நுட்பமான பிணியைச் சொல்ல வேண்டும். இது கருவி பழுதுபட்டதால் வருவதன்று. கருவி நன்றாக இருக்கும்பொழுதே வருவது. முள்ளை நகர்த்தச் சிறிது மின்னோட்டம் வேண்டுமல்லவா? அதனை மின்மானி எங்கிருந்து பெறுகிறது? அளக்கப்படும் சுற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளுகிறது. தயிர்ப் பானையில் எவ்வளவு இருக்கிறதென்று பார்க்கப் போனவன், பார்ப்பதற்கு முன்னரே ஒரு குவளை குடித்துவிடுவது போன்றது இது.

பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து வோல்ட் மின்னழுத்தத்தின் குறுக்கே, ஒவ்வொன்றும் ஒரு லட்சம் ஓம் உள்ள இரு தடைகளைத் தொடராக இணைத்திருக்கிறோம். ஒரு தடையின் இரு முனைகளிலும் 5 வோல்ட் இருக்க வேண்டும், ஐயமில்லை. மலிவான முள் மீட்டர் ஒன்று, வோல்ட்டுக்கு ஆயிரம் ஓம் தன்மையுடையது. அதனைப் பத்து வோல்ட் வரிசையில் வைத்தால் அதன் தடை பத்தாயிரம் ஓம். அதனை ஒரு தடையின் குறுக்கே இணைத்தவுடன், ஒரு லட்சமும் பத்தாயிரமும் பக்க இணைப்பாகி 9,091 ஓம் ஆகிவிடுகின்றன. மின்மானி காட்டுவது 5 வோல்ட் அன்று, 0.83 வோல்ட்! வோல்ட்டுக்கு இருபதாயிரம் ஓம் தன்மையுள்ள எட்டாம் மாதிரி அவோமீட்டரை அதே வரிசையில் வைத்தால், அது 4 வோல்ட் காட்டும். பத்து மில்லியன் ஓம் தடையுள்ள இக்காலத்து எண் மீட்டர் 4.97 வோல்ட் காட்டும். மூன்று கருவிகளும் பழுதற்றவை. மூன்றும் தாம் கண்டதையே சொல்லுகின்றன. ஆனால் விடைகள் மூன்று. வானொலிப் பெட்டி பழுது பார்த்த பழைய தொழிலாளிகள் இதனைப் பட்டறிவால் அறிந்திருந்தார்கள். ஒரே இடத்தை இரண்டு வரிசைகளில் அளந்து பார்ப்பார்கள். வரிசையை மாற்றியதும் அளவு மாறினால், கருவியே சுற்றைப் பாதிக்கிறது என்று கண்டுகொள்வார்கள். இன்றும் முள் மீட்டர் வைத்திருப்பவர்கள் செய்து பார்க்கத்தக்க சோதனை.

எண்ணால் காட்டும் மின்மானி 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆண்ட்ரூ கே என்பவரால் உருவாக்கப்பட்டது. மேசையை நிறைக்கும் பெட்டி. விலையும் அதற்குத் தக்கபடி. அது கைக்குள் அடங்குவதற்கு டிரான்சிஸ்டரும், பின்னர் ஒரே சில்லில் ஆயிரக்கணக்கான உறுப்புகளை அடக்கும் நுட்பமும் வரவேண்டியிருந்தது. 1977-இல் ஃப்ளூக் நிறுவனத்தார் வெளியிட்ட 8020 ஏ என்ற மாதிரி, ஒன்பது வோல்ட் பேட்டரி ஒன்றில் ஓடிற்று. கையில் பிடித்துக்கொண்டே அளக்கலாம்.

இவ்வகைக் கருவி எவ்வாறு எண்ணுகிறது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. ஒரு தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வேகம் தெரியாத குழாய் ஒன்றை ஒரு குறித்த நேரம் மட்டும் திறந்துவிட்டு மூடுகிறோம். பிறகு, வேகம் தெரிந்த துளை ஒன்றின் வழியே அந்நீரை வடியவிட்டு, வடிந்து தீர எத்தனை நொடிகள் ஆயின என்று எண்ணுகிறோம். அதிக நொடிகள் ஆயின என்றால் குழாயின் வேகம் அதிகம். மின்மானியில் தொட்டி என்பது ஒரு மின்தேக்கி. குழாய் என்பது நாம் அளக்கும் மின்னழுத்தம். துளை என்பது கருவிக்குள் இருக்கும் ஒரு நிலையான ஒப்பு மின்னழுத்தம். நிரப்பும் நேரத்தை நம் நாட்டு மின்சாரத்தின் ஓர் அலைக்கு உரிய ஐம்பதில் ஒரு பங்கு வினாடியின் முழு மடங்காக வைத்துவிட்டால், அக்கம்பக்கத்து மின்கம்பிகளின் இரைச்சல் கூட்டியும் கழித்தும் தானே ஒழிந்துபோகும். அழகான யோசனை!

ஆனால் அந்தத் துளையின் அளவே மாறிவிட்டால்? மலிவான எண் மீட்டர்களில் பேட்டரி மிகவும் தளர்ந்தபின் ஒப்பு மின்னழுத்தமும் தளர்ந்துவிடுகிறது. துளை சிறுத்தால் நீர் வடிய நேரமாகும், எண் பெருகும். ஆகவே பேட்டரி ஓய்ந்த கருவி குறைத்துக் காட்டும் என்று நாம் எதிர்பார்க்க, அது கூட்டிக் காட்டும். நல்ல ஒன்றரை வோல்ட் மின்கலத்தை அளந்து, இரண்டு வோல்ட் காட்டினால் மின்கலத்தைப் பாராட்டாதீர்கள். மீட்டரின் பேட்டரியை மாற்றுங்கள். சாளரத்தின் மூலையில் பேட்டரியின் சின்னம் தோன்றியபின் அந்தக் கருவியின் சொல் சாட்சியத்துக்கு ஆகாது.

ஃபியூஸ் அறுதல் மற்றொரு பிணி. ஆம்பியர் அளப்பதற்கென உள்ள துளையில் சிவப்புக் கம்பியைச் செருகியவர், வேலை முடிந்ததும் மாற்ற மறந்து, அப்படியே வோல்ட் அளக்கப் போவார். ஆம்பியர் துளைக்குள் தடை ஏறத்தாழ இல்லை. எனவே அது மின்சாரத்தைக் குறுக்கே இணைப்பதற்குச் சமம். நல்ல கருவியில் மணல் நிரப்பிய பீங்கான் ஃபியூஸ் அறுந்து ஆளைக் காக்கும். பத்து ஆம்பியர் துளைக்கு ஃபியூஸே வைக்காத மலிவுக் கருவிகளும் கடையில் கிடைக்கின்றன. வீட்டு மின்சாரத்தில் அவற்றைப் பயன்படுத்துவதை நான் ஒருபொழுதும் ஒப்பமாட்டேன்.

இன்வெர்ட்டர் வைத்திருக்கும் வீடுகளில் மற்றொரு குழப்பம் நேரும். சாதாரண மீட்டர்கள் மாறுமின்னோட்டத்தின் சராசரியை அளந்து 1.11 ஆல் பெருக்கிக் காட்டுகின்றன. அலை சைன் வடிவில் இருக்குமாயின் இது மிகச் சரி. சதுர அலை தரும் மலிவான இன்வெர்ட்டரை அதனால் அளந்தால், உண்மையைக் காட்டிலும் நூற்றுக்குப் பதினொரு பங்கு கூடுதலாகக் காட்டும். கருவியின் மேல் ஐயம், இன்வெர்ட்டரின் மேல் ஐயம், கடைக்காரரோடு சண்டை. உண்மையில் குற்றம் எதனிலும் இல்லை.

எண் மீட்டர் முள் மீட்டருக்கு நேர்மாறான பொய்யும் சொல்லும். மின்சாரம் ஓடும் கம்பியோடு ஒரே குழாயில் நெடுந்தூரம் செல்லும் ஒரு வெற்றுக் கம்பியை அளந்தால், எதனோடும் இணைக்கப்படாத அக்கம்பியில் நாற்பது, ஐம்பது வோல்ட் இருப்பதாகக் காட்டும். அருகிலுள்ள கம்பியிலிருந்து கசிந்த அற்ப மின்னூட்டமே காரணம். பத்து மில்லியன் ஓம் கருவி அதனைக் குடிப்பதில்லை, ஆகவே காட்டிவிடுகிறது. பழைய முள் மீட்டர் ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் பூஜ்யம் என்று சொல்லிவிடும். அங்கே குற்றமாக இருந்த குணம் இங்கே சிறப்பாகிறது!

இப்பொழுது என் பழைய கேள்விக்கு வருகிறேன். முள் மீட்டரில் ஓம் அளப்பதற்கு முன், ஒவ்வொரு முறையும் இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று தொடவைத்து, முள்ளைப் பூஜ்யத்திற்குத் திருகிக்கொள்ள வேண்டும். உள்ளிருக்கும் பேட்டரி நாளுக்கு நாள் தளர்வதைச் சரிக்கட்டவே இந்த ஏற்பாடு. ஆனால் இச்சடங்கில், அதனைச் செய்பவன் அறியாமலேயே, கம்பிகளும் செருகிகளும் பேட்டரியும் சோதிக்கப்பட்டுவிடுகின்றன. எண் மீட்டரில் இந்தத் திருகு இல்லை, சடங்கும் போயிற்று, சடங்கோடு சோதனையும் போயிற்று. எங்கள் வயர்மேனோ, முள் மீட்டர் வைத்திருந்தும் அன்று ஓம் அளக்கவில்லை. நேரே வோல்ட்டுக்குப் போனார். திருகைத் தொட வேண்டிய தேவையே எழவில்லை.

விபத்துக்குப் பின்னர் மின்வாரியத்தில் பணியாற்றிய உறவினர் ஒருவர் எனக்கு ஒரு முறையைச் சொன்னார். அதனை வெளிநாட்டுக் கையேடுகளிலும் பின்னர் கண்டேன். மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஓரிடத்தில் முதலில் மின்மானியை வைத்துப் பார்க்க வேண்டும். அது 230 காட்ட வேண்டும். பிறகு ஐயத்துக்குரிய கம்பியை அளக்க வேண்டும். பூஜ்யம் காட்டினாலும் கை வைத்துவிடக் கூடாது. மறுபடியும் முதலிடத்துக்கு வந்து, மீண்டும் 230 காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். நடுவில் செய்த அளவையின்பொழுதே கம்பி அறுந்திருக்கலாம் அல்லவா? முன்னும் பின்னும் உண்மை சொன்ன சாட்சியின் நடுச்சொல்லையே ஏற்க வேண்டும் என்பது இதன் கருத்து. ஓம் செய்ததும் ஏறத்தாழ இதுவேதான். நிலையாக நிற்பது எதுவென்று தெரிந்த கொதிநீரையும் பனிக்கட்டியையும் முதலில் பிடித்துக்கொண்டு, பிறகே தெரியாததைத் தேடினார்.

கம்பி அறுந்ததா என்று பார்க்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். மின்மானியை மிகத் தாழ்ந்த ஓம் வரிசையில் வைத்து, இரு முனைகளையும் அழுத்தித் தொடவையுங்கள். அரை ஓமுக்குள் காட்ட வேண்டும். அதோடு விடாமல், செருகியின் அருகிலும் பிடியின் அருகிலும் கம்பியை மெல்ல மடக்கி அசைத்துப் பாருங்கள். எண் துள்ளினால் உள்ளே இழை அறுந்திருக்கிறது. அந்தக் கம்பியைத் தூக்கி எறிந்துவிட வேண்டியதுதான். ஃபியூஸ் நல்லதா என்பதையும் பல கருவிகளில் அந்தச் சிவப்புக் கம்பியைக் கொண்டே காணலாம். ஓம் வரிசையில் வைத்தபடி, சிவப்பு முனையை மில்லி ஆம்பியர் துளைக்குள் தொட்டால், ஃபியூஸ் நன்றாக இருக்குமாயின் ஒரு சிறு எண் தோன்றும். அறுந்திருந்தால் எல்லைக்கு அப்பாற்பட்டது என்ற குறியே நிற்கும்.

வயர்மேன் குணமடைந்து வந்ததும் முதல் வேலையாக அந்த விசிறியைத்தான் ஓடச் செய்தார். கூலி வாங்க மறுத்தார். நான் வற்புறுத்திக் கொடுத்தேன். அந்தச் சிவப்புக் கம்பியை மட்டும் எனக்குத் தருமாறு கேட்டேன். “இது எதுக்கு சார், அறுந்த கம்பி?” என்று சிரித்தார். அதனை ஆய்வுக்கூடத்து மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டேன். ஆண்டுதோறும் மின்னியல் பாடம் தொடங்கும் நாளில், வேறொரு மின்மானியையும் அந்தக் கம்பியையும் மாணவர்களிடம் கொடுத்து, இது நல்ல கம்பியா என்று கண்டு சொல்லுங்கள் என்பேன். நேராக நீட்டிப் பிடித்தால் அற்ற இழைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, நல்ல கம்பி என்றே எண் காட்டும். முதல் வரிசைப் பிள்ளைகள் பெரும்பாலும் அவ்வாறே எழுதித் தருவார்கள். வரிசை கடந்து, கை மாறி மாறி, எங்கேனும் ஒரு பிள்ளை அதனை விரலில் சுற்றி விளையாடும்பொழுதுதான் எண் மறையும், “சார், சார்!” என்று ஒரு குரல் எழும்.